கடாரம் போனவன் வீடு

சோழர் காலத்து ஊர் ஒன்றை இரண்டு நாளைக்கு உயிரோடு எழுப்பிக் காட்டும் குழு அது. ஆற்றங்கரைத் தோப்பில் குடிசை போட்டு, அந்தக் காலத்து ஆட்களாகவே வாழ்வார்கள். பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்டாலும் வேஷம் கலையக் கூடாது.

குழுவை நடத்துகிறவள் தில்லைநாயகி. எல்லோருக்கும் அக்கா. அவள் தலையாட்டினால்தான் குடிசை கிடைக்கும்.

வரலாறு படிக்கிற நப்பின்னைக்குப் போன வருஷம் கிடைக்கவில்லை; இன்னும் ஒரு வருஷம் படித்துவிட்டு வரச் சொல்லி அக்கா திருப்பி அனுப்பிவிட்டாள். இந்த வருஷம் வரும்போதே சண்டையோடுதான் வந்தாள்.

"தோப்பு முழுக்க ராணி! வாசல் பெருக்க ஒருத்தி உண்டா, அக்கா? அவங்களுக்கெல்லாம் உடனே இடம்."

"ராணிகிட்ட யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டாங்க. படம் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

"நான் படைவீரன் பெண்டாட்டி. என் அடுப்பில் மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது. ஒரு வாரமா காபிகூடக் குடிக்கலை!"

"அதான் இவ்வளவு கோபமா? சரி, உலையை வை. பார்க்கலாம்."

நப்பின்னை சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பை மூட்டினாள். அக்கா ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குடிசை வாசலில் வந்து நின்றாள்.

"உப்பு வேணுமா, தாயி? வீட்டுக்காரரைக் காணோமே?"

"கடாரத்துச் சண்டைக்குக் கப்பலேறிப் போயிருக்கார்."

"அடடா. சண்டை எப்படிப் போகுதாம்?"

நப்பின்னை காத்திருந்த கேள்வி அது. "வெற்றி நமக்குத்தான்! கடாரத்து அரசனே பிடிபடுவான். அவன் யானைகள், பொக்கிஷம் எல்லாம் நம்ம கைக்கு வரும்."

"அப்படியா! கப்பல் திரும்பி வந்திடுச்சா?"

"இன்னும் இல்லை."

"அப்புறம் யார் வந்து சொன்னாங்க?"

நப்பின்னைக்கு வேஷம் கலைந்தது. "கல்வெட்டே இருக்கு, அக்கா!"

"அதை வெட்ட இன்னும் உளியே எடுக்கலையே."

"அப்போ படிச்சதையெல்லாம் மறந்துடணுமா? பிறகு ஏன் ஒரு வருஷம் படிக்கச் சொன்னீங்க?"

"மிளகாய் போடாம இருக்கத்தான்."

நப்பின்னைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, ஒரு ஆளுக்கு அளவாக அரிசி எடுத்து உலையில் போட்டாள்.

அக்கா கூடையை இறக்கவில்லை. "தாயி, கடாரம் கிடக்கட்டும். உன் வீட்டுக்காரர் திரும்பி வருவாரா?"

நப்பின்னை வாயைத் திறந்தாள். படையெடுப்பு நடந்த ஆண்டு தெரியும். விழுந்த ஊர்கள் வரிசையாகத் தெரியும். அந்த ஒரு ஆளைப் பற்றி எந்தக் கல்லிலும் எதுவும் இல்லை.

ஆற்றுப் பக்கமிருந்து வரும் பாதையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அரிசிப் பானைக்குள் கையை விட்டு இன்னொரு பிடி அரிசியை அள்ளி உலையில் போட்டாள்.

அக்கா கூடையை இறக்கிக் குடிசைக்குள் வைத்தாள்.

"உப்பு இங்கேயே இருக்கட்டும். தீயைத் தணிச்சு வை, தாயி. அவர் வர நேரமாகும் போலிருக்கு."