ராசா முணுமுணுக்காமல் எழுதிய ஓலை

வெகு காலத்துக்கு முன்னால் மஞ்சனூர்ச் சீமையைச் சூரப்ப ராசா என்று ஒருத்தர் ஆண்டுவந்தார். நல்ல ராசாதான், குறை சொல்லக் கூடாது. மழை பொய்த்தால் தன்மேல்தான் குற்றம் என்று பட்டினி கிடப்பார். ஆனால் அவர் கையெழுத்து இருக்கிறதே, அதைப் படிப்பதற்கு அவனவன் தலையெழுத்தைப் படித்துவிடலாம். எழுத்தாணியை ஓலையில் வைத்தாரானால் வரி முடியும்வரை எடுக்கமாட்டார். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எல்லாம் ஒரே இழுப்பு. அந்த வேகத்தில் பெருமை வேறு. "ராசா எழுத்து புரியவில்லை என்கிறவனுக்கு இந்த அரண்மனையில் வேலை இல்லை" என்று சட்டமே போட்டுவிட்டார்.

அதனால் எல்லோருக்கும் புரிந்தது. ஓலை வாசிக்கிற ராயசம் குப்பையாவுக்கு எல்லோரையும்விட நன்றாகப் புரிந்தது. சங்கதி என்னவென்றால், எழுதும்போது வாய்க்குள் முணுமுணுப்பது ராசாவின் பழக்கம். குப்பையா பக்கத்தில் நின்று அதைக் காதில் வாங்கிக்கொள்வார். பிறகு ஓலையை விரித்துக் கடகடவென்று ஒப்பிப்பார். மந்திரி அம்பலவாண பிள்ளைக்கு இது தெரியும். நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டார். இருந்திருக்கக் கூடாது.

ஒரு சமயம் ராசாவின் தாயார் படுத்த படுக்கையானார். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, எல்லைக் கோட்டையில் இருந்த தம்பி நாகப்பருக்கு ராசா ஓர் ஓலை எழுதினார். அன்றைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, முணுமுணுப்பு இல்லை. குப்பையாவும் அங்கே இல்லை. முத்திரை போட ஓலை மந்திரியிடம் வந்தது. பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பது வருஷ உத்தியோகம் கண்முன்னால் வந்து நின்றது. முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

தம்பி வரவில்லை. பதினோரு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்து அந்த அம்மாள் கண்ணை மூடினாள்.

"பெற்றவள் சாகக் கிடக்கிறாள், வா என்று எழுதியும் வராதவன் எனக்குத் தம்பியா?" என்று ராசா படை திரட்டினார். வெள்ளிக்கிழமை புறப்பாடு.

"இளையவருக்கு எப்போதுமே சிங்காசனத்தின்மேல்தான் கண், மகாராஜா" என்று குப்பையா ஊதிவிட்டார். "மந்திரிக்கு வேண்டியவர் பாருங்கள், அதனால்தான் மந்திரி வாயைத் திறப்பதில்லை."

புதன்கிழமை காலையில் கோட்டை ஆள் ஒருவன் மந்திரி வீட்டுக்கு வந்தான். கையில் அதே ஓலை.

"இளையவர் கேட்டுவரச் சொன்னாருங்க. அண்ணா எழுதினபடிதானே நடந்தேன், பிறகு எதுக்குப் படை என்று."

"என்ன எழுதியிருந்ததாம்?"

"நான் கூப்பிடும்வரை கோட்டையை விட்டு நகராதே என்று கோட்டை ராயசம் வாசித்தாருங்க."

பிள்ளைக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஓலையின் முத்திரைக் கயிற்றை அவிழ்த்து மடியில் முடிந்துகொண்டு நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, கோட்டைப் பக்கத்து ஆளிடம் ஓர் ஓலை இருந்தது. சபையில் படித்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியறையில் வாசித்துவந்து சொல்லட்டும்."

வைத்தியர் வாசித்துவிட்டு வந்தார். "இருமலுக்குக் கஷாயம், மகாராஜா. ஆடாதொடை, திப்பிலி, தேன்."

சோதிடர் வந்தார். "ஜாதகம். பையனுக்கு ஏழரைச் சனி."

குப்பையா காதைத் தீட்டிப் பார்த்தார். முணுமுணுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? வெளியே வந்து, "சதி ஓலை, மகாராஜா. ஆயிரம் வில்லாள் திரட்டச் சொல்லி இருக்கிறது" என்றார்.

"ஒரே ஓலையில் கஷாயமும் சனியும் வில்லாளுமா? கொண்டா இங்கே" என்று ராசா வாங்கினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"சீ, இது எழுத்தா? கோழி கிளறினதுபோல இருக்கிறது. இவன் கையில் எழுத்தாணி கொடுத்தவனை முதலில் உதைக்க வேண்டும்."

"கொடுத்தவர் தங்கள் தகப்பனார், மகாராஜா" என்று பிள்ளை மடியிலிருந்த முத்திரையை எடுத்து முன்னால் வைத்தார்.

ஓலையின் ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது. அம்மாவின் காலுக்கு மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்ட கையோடு எழுதிய ஓலை என்று ராசாவுக்கு நினைவு வந்துவிட்டது.

"இதையா என் தம்பிக்கு அனுப்பினேன்?" என்றார். பிறகு குப்பையா பக்கம் திரும்பினார். "ஆயிரம் வில்லாள் எந்த இடத்தில் இருக்கிறது? விரலை வைத்துக் காட்டும்."

குப்பையாவின் விரல் ஓலைமேல் அங்கும் இங்கும் அலைந்தது. அன்றைக்கே அவர் பதவி போயிற்று. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகும்படி உத்தரவாயிற்று. படை நின்றது, அந்தச் சட்டமும் ஒழிந்தது.

ராசா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார். பிள்ளை கையை நீட்டவில்லை.

"எனக்கு வேண்டாம், மகாராஜா. இந்த முத்திரையைக் குத்தினவன் நான்தான். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறந்து கேட்டிருந்தால் அம்மாள் இளையவரைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்."

"கேட்டிருந்தால் உம்மை விரட்டியிருப்பேன்."

"விரட்டியிருப்பீர்கள். வேலைதானே போயிருக்கும்."

ராசா முத்துமாலையைக் கீழே வைத்தார். புது ஓலை எடுத்து, அரை நாள் உட்கார்ந்து, தம்பிக்கு ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். வாசல் காவல்காரனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவன் திக்காமல் வாசித்த பிறகுதான் முத்திரை விழுந்தது.

நாகப்பர் வந்து சேர்ந்தார். தாயாரை அடக்கம் செய்த இடத்தில் அண்ணனும் தம்பியும் நின்றார்கள்.

"அந்த முதல் ஓலையில் என்னதான் எழுதினீர்கள், அண்ணா?"

"அம்மா உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சீக்கிரம் வாடா என்று எழுதினேன்."

மந்திரி கொண்டுவந்திருந்த அந்த ஓலையை நாகப்பர் வாங்கி விரித்து அண்ணன் கையில் கொடுத்தார். "இதில் அம்மா என்று எந்த இடத்தில் இருக்கிறது? அதை மட்டும் காட்டுங்கள். ஒரு தரம் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்."

ராசா விரலை வைத்துத் தேடினார், வெகுநேரம் தேடினார். அவருக்கே கிடைக்கவில்லை. பின்னால் நின்ற அம்பலவாண பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.