ஐயாறனார் பிரித்த கூரை

காவிரிக் கரையிலுள்ள மருதந்துறையில் ஐயாறனார் என்றொருவர் மரம் அறுத்துப் பிழைத்து வந்தார். இழைப்பதும் செதுக்குவதும் மற்றத் தச்சர்களின் வேலை. அவர்களுக்குப் பலகையும் சட்டமும் அறுத்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். விடியலில் ஆற்றில் முழுகி, துறைநாதர் சந்நிதியில் நின்று ஐந்தெழுத்தை ஓதிய பிறகே ரம்பத்தைத் தொடுவார்.

அவ்வூர்த் தச்சர்கள் அமாவாசையன்று கூலி வேலைக்குப் போகமாட்டார்கள். கோயில் மண்டபத்தில் கூடி, சுவாமிக்கு வேண்டிய மரவேலையைத் தொண்டாகச் செய்வார்கள். அவ்வாண்டு ஐப்பசித் திருவிழாவுக்குப் புதிய சப்பரம் உருவாகிக்கொண்டிருந்தது.

ஆடி வெள்ளம் கரையோரக் குடிசைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் அறச்சாலையை நடத்திவந்த நாச்சியம்மை, ஆவணி அமாவாசையில் தச்சர் கூட்டத்தைத் தேடி வந்தார்.

"பதினோரு வூட்டுக்குச் செவுரு எழும்பிடுச்சு. கூரைக்கு விட்டமும் கைமரமும் இல்ல. மழ வந்தா மண்செவுரு கரைஞ்சுடும். நீங்கதான் கை குடுக்கணும்."

"கூடிப் பேசிட்டுச் சொல்றோம்மா" என்றார் தலைமைத் தச்சர் வீரபத்திரர்.

பேசினார்கள். சுவாமிக்கென்று வந்த மரத்தை மனிதருக்குக் கொடுப்பது தகுமா என்றார் ஒருவர். சப்பரம் முடியட்டும் என்றார் இன்னொருவர். அடுத்த அமாவாசையிலும் அதையே பேசினார்கள்.

ஐயாறனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்நிதியில் நின்றால் ஓதல் பாதியில் நின்றுபோகும். அறுத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து கரைக்குப் போவார். கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே, கைக்குழந்தைக்கு முறத்தால் நிழல் பிடித்தபடி அஞ்சலை என்ற பெண் உட்கார்ந்திருப்பாள். பார்த்துவிட்டுத் திரும்புவார். சற்று நேரத்தில் மறுபடியும் போவார்.

கடைசியில் கூட்டத்தில் எழுந்து நின்றார். "அண்ணே, நாம பேசி முடிக்கிற வரைக்கும் மழ காத்திருக்காது."

"மரம் அறுக்கிறவனெல்லாம் ஞாயம் சொல்ல வந்துட்டான். அவ்வளவு எரக்கம்னா ஒன் வூட்டப் பிரிச்சுக் குடேன்" என்றார் ஒரு தச்சர். கூட்டம் சிரித்தது.

ஐயாறனாரின் காதில் அது இறைவன் இட்ட கட்டளையாகவே விழுந்தது. அந்தத் தச்சரைக் கைகூப்பி வணங்கிவிட்டு, நேரே வீட்டுக்குப் போய்க் கூரைமேல் ஏறினார்.

"என்ன பண்றீங்க?" என்றார் மனைவி தையல்நாயகி.

"சாமி வழி காட்டிட்டாரு. இது அங்க ரெண்டு வூட்டுக்குக் காணும்."

அம்மையார் அடுப்படிக்கு விரைந்தார். "செத்த இருங்க. கஞ்சியில தூசி விழும், எடுத்துடறேன்" என்றார். பிறகு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அஞ்சலையின் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் கூரை ஏறியது. ஐயாறனார் தம்பதியர் கீற்று மறைப்புக்குள் ஒண்டினார்கள். ஊர் அவரைப் பித்தன் என்றது. அவருக்கோ வேறு கலக்கம்: இன்னும் ஒன்பது வீடுகள். இதிலேயே உழன்று, சுவாமியின் சப்பரத்தை மறந்து பிழை செய்கிறோமோ?

திருவிழா நாளில் துறைநாதர் புதிய சப்பரத்தில் எழுந்தருளினார். கரையருகே வந்தபோது மழை கொட்டியது. சுமந்தவர்கள் சுவாமியை ஏந்திக்கொண்டு அருகில் கூரை தெரிந்த வீட்டுக்குள் ஓடினார்கள். அது அஞ்சலையின் வீடு. அவள் பதறி, முந்தானையால் தரையைத் துடைத்து இடம் செய்து விளக்கேற்றினாள்.

மழை விட்டது. எட்டுப் பேர் தூக்கினார்கள், திருமேனி அசையவில்லை. பதினாறு பேர் முயன்றும் அசையவில்லை. அப்போது ஒரு குரல் எழுந்தது: "ஐயாறன் தன் கூரையை எமக்குத் தந்தான். எஞ்சிய வீடுகளுக்கும் கூரை ஏறும்வரை இங்கேயே இருப்போம்."

எல்லோரும் அவரைத் தேடினார்கள். அவர் பக்கத்து மண்சுவர் நனையாதபடி ஓலை போர்த்திக்கொண்டிருந்தார். வீரபத்திரர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன் நின்றார்.

"ஐயாறா, அளவு சொல்லு. ரம்பத்தோட அடுத்த பக்கத்த நான் இழுக்கிறேன்."

கோயில் மரம் கரைக்கு வந்தது. நான்கு நாட்கள் அஞ்சலையின் வீட்டிலேயே பூசை நடந்தது. ஒன்பதாவது கூரை ஏறியதும் திருமேனி பூப்போல எழுந்தது. மாலை மரியாதை செய்ய ஐயாறனாரை அழைத்தார்கள். அக்கரையிலும் சில குடும்பங்கள் நனைகின்றன என்று கேள்விப்பட்டு, அவர் அதற்குள் ஓடம் ஏறியிருந்தார்.

பிறர் நனைவது கண்டு ஓரிடத்தில் நிற்க மாட்டாத அந்த அடியாரின் கால்களை நாமும் தலைதாழ்த்தி வணங்குவோம்.