தளவாய் வீட்டுக் குலுக்கை

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். தென்கரைச் சீமைக்கு ராஜா. நல்ல மனுசன்தான், ஆனா பயந்தாங்கொள்ளி. பல்லி சொன்னா பயம், பலகாரம் கருகுனா பயம், பூனை குறுக்க வந்தா அன்னைக்கு முழுக்க அந்தப்புரத்தை விட்டு வெளிய வரமாட்டாரு. ஏலே சொள்ளமுத்து, சிரிக்காத, நீ கரப்பான்பூச்சியைக் கண்டா எப்படி ஓடுவேன்னு எனக்குத் தெரியும்.

அந்த ராஜாகிட்ட ஒரு தளவாய் இருந்தான். தளவாய்னா படைக்கெல்லாம் தலைவன். பேரு கொம்பையா. மீசை இந்தக் காதுல புறப்பட்டு அந்தக் காதுல போய்ச் சேரும். வயிறு அவனுக்கு முன்னாடியே வந்து நின்னு வழி விடுங்கன்னு சொல்லும்.

ஆத்துக்கு அந்தப் பக்கம் வடகரைச் சீமை. நாலு வருசத்துக்கு முந்தி வடகரைக்காரங்க ஆத்தைத் தாண்டி வந்து நாப்பது பசுமாட்டை ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அது நெசமா நடந்தது. அதுனால வடகரைன்னு சொன்னாலே தென்கரை சனங்க கதவைத் தாழ் போட்டுருவாங்க. தளவாய் அதைப் புடிச்சுக்கிட்டான். ஒருநாள் ராஜாகிட்ட போய், "ராஜா, ஊருக்குள்ள ஒற்றருங்க புகுந்துட்டாங்க"ன்னான்.

"ஐயய்யோ! எங்க?"

"அதுதான் தெரியல. தெரியாததுதான் ரொம்ப ஆபத்து. கட்டிலுக்கு அடியில இருக்கலாம், பானைக்குள்ள இருக்கலாம், நெல்லுக் குலுக்கைக்குள்ள இருக்கலாம். எந்த வீட்டுக்குள்ளயும், எந்த நேரத்துலயும், எதையும் தொறந்து பாக்க எனக்கு அதிகாரம் குடுங்க. சந்தேகமா இருக்கிறதை எடுத்துட்டுப் போயிச் சோதிக்கணும். ஏன்னு ஒருத்தனும் கேக்கக் கூடாது."

ராஜா உடனே ஓலையில முத்திரையைக் குத்திட்டாரு. தண்டோரா போட்டாச்சு. எந்த வீடும் விலக்கில்லே, எந்தப் பானையும் விலக்கில்லே, டும் டும் டும்.

அப்புறம் என்ன, சேவகங்க கெளம்பிட்டானுங்க. மொத வீடு, பூமயிலு வீடு. பிள்ளைக்குச் சீர் கொண்டுபோக அதிரசம் சுட்டு அடுக்கி வச்சிருந்தா. சேவகன் ஒண்ணைக் கையில எடுத்து வெயிலுக்கு நேரே புடிச்சு இப்படிப் பாத்தான், அப்படிப் பாத்தான்.

"என்னய்யா பாக்குதீக?"

"உள்ள ஓலை இருக்கலாம்."

"அதிரசத்துக்குள்ளயா?"

"தின்னு பாத்தாத்தானே தெரியும்"னு சொல்லி ஒண்ணைத் தின்னான். அதுல ஓலை இல்லே. இன்னொண்ணைத் தின்னான், அதுலயும் இல்லே. மிச்சத்தைப் பானையோட தூக்கிட்டுத் தளவாய் வீட்டுக்குப் போயிட்டான்.

ரெண்டாவது வீடு, வண்டிக்காரரு வீடு. அங்க நார்த்தங்கா ஊறுகா. சந்தேகமா இருக்குன்னு ஜாடியோட போச்சு. ரெண்டு வீட்டுக் குலுக்கை நெல்லும் கூடவே போச்சு.

மூணாவது வீடு, உச்சிமாளி வீடு. இவதான் நம்ம கதைக்கு உரியவ. இவளை ஊர்ல எல்லாரும் அசடும்பாங்க. ஏன்னா எதைச் சொன்னாலும் மூணு தடவை கேப்பா. உப்பு எங்க இருக்குன்னு சொன்னாலும் மூணு தடவை. புருசன் காய்ச்சல்ல போயிட்டான், ரெண்டு பொட்டைப் பிள்ளைக, ஒரே ஒரு துண்டு வயல். அந்த வயலுக்கு வேண்டிய விதைநெல்லு குலுக்கையில இருந்துச்சு.

குலுக்கைன்னா தெரியுமா? ஆள் உசரத்துக்கு மண்ணால வனைஞ்சது. நெல்லைக் கொட்டி, பூச்சி வராம இருக்க இலை போட்டு, வாயை மூடி, சாணியும் மண்ணும் குழைச்சுக் காத்து போகாம மெழுகிருவாங்க. என்ன இலை போடுறதுங்கிறது வீட்டுக்கு வீடு வேற. பூமயிலு வீட்ல நொச்சி. வண்டிக்காரரு வீட்ல வசம்புத் தழை. உச்சிமாளி வீட்ல புங்க இலை. மாமியா போட்டதை மருமக போடுவா, மாத்தமாட்டாங்க, மாத்துனா விளையாதுன்னு ஒரு எண்ணம்.

மானம் கறுத்துக்கிட்டு வருது. இன்னும் எட்டு நாள்ல விதைக்கணும். அந்த நேரம் பாத்து சேவகன் ஈட்டியால மெழுகுனதை உடைச்சு, உள்ள எட்டிப் பாத்து, "நெல்லு நெறைய இருக்கு, சந்தேகமா இருக்கு"ன்னான்.

"ஐயா, அது விதைநெல்லு! அது போனா ஒரு வருசத்துக்கு என் பிள்ளைக வாயில மண்ணுதான்!"ன்னு உச்சிமாளி காலைப் புடிச்சா.

"சோதிச்சுட்டுத் தருவோம்"னு சாக்குல அள்ளிக்கிட்டு நடையைக் கட்டிட்டான். அவ காலிக் குலுக்கையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா.

மறுநாள் தளவாய் வீட்டு வாசல்ல போய் நின்னா. "சோதிச்சாச்சா?" நாளைக்கு வான்னாங்க. அடுத்த நாள் போனா. "சோதிச்சாச்சா?" நாளைக்கு வான்னாங்க. மூணாம் நாள் போனா. தளவாயே வெளிய வந்தான், மீசையில அதிரசத் தூளு ஒட்டியிருந்துச்சு. "ஏ பொம்பள, இது ராஜ்ஜியத்து ரகசியம். இன்னொருக்கா கேட்டேன்னா நீதான் ஒற்றருன்னு கட்டி வச்சிருவேன்!"னு உறுமினான்.

நீங்களா இருந்தா என்ன செய்வீக? அழுதுட்டு வீட்டுக்கு வருவீக. உச்சிமாளியும் அழுதுட்டுத்தான் வந்தா. ஆனா வார வழியில யோசிச்சுக்கிட்டே வந்தா.

அந்தச் சீமையில ஒரு வழக்கம் உண்டு. ராஜா புதுசா ஒரு ஆணை போட்டா, எட்டாம் நாள் காலையில அரண்மனை முன்னால ஊரைக் கூட்டி, சனங்க சொல்றதைக் கேக்கணும். கேட்டாத்தான் ஆணை நிக்கும். எட்டாம் நாள் வந்துச்சு, ஊரே கூடிருச்சு. ராஜா நாற்காலி நுனியில உக்காந்திருக்காரு.

மொதல்ல மாட்டுக்கார மாடக்கோனாரு எந்திரிச்சாரு. "ராஜா, அந்த நாப்பது மாட்டுல எட்டு மாடு என் மாடு. ஒவ்வொண்ணுக்கும் நான் வச்ச பேரு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. இன்னொருக்கா அப்படி நடக்கக் கூடாது. அதுக்காக என் வீட்டைப் பத்து தடவை பெரட்டிப் பாத்தாலும் சரிதான்." அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்குல்லா?

பூமயிலு எந்திரிச்சா. "அதுக்கு ஏம்யா என் அதிரசத்தைத் திங்கணும்?"

"அதிரசம் பெருசா, நாடு பெருசா?"ன்னு தளவாய் அதட்டுனான். அவ உக்காந்துட்டா. அப்புறம் தளவாய் மீசையை நீவிக்கிட்டு ஊரைப் பாத்து, "ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா எதுக்குப் பயம்?"னு கேட்டான். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. வாயைத் தொறந்தா ஒற்றருன்னுருவானே!

அப்பதான் உச்சிமாளி எந்திரிச்சா. கூட்டத்துல ஒரு சிரிப்பு. "ஐயா, எனக்குப் புத்தி கொஞ்சம் மட்டு. நீங்க சொன்னதை இன்னொருக்கா சொல்லுங்க"ன்னா.

"ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா எதுக்குப் பயம்?"

"இன்னும் ஒருக்கா?"

அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னான்.

"கடைசியா ஒருக்கா, ராஜா காதுல விழுற மாதிரி."

கத்தியே சொல்லிட்டான். அரண்மனைப் புறாவெல்லாம் பறந்துருச்சு.

"சரிங்கய்யா, இப்பப் புரிஞ்சுது. எந்த வீடும் விலக்கில்லேன்னு தண்டோரா போட்டீகளே, அப்ப உங்க வீடும் விலக்கில்லையே? வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்."

தளவாய் மூஞ்சி கருவாடாப் போச்சு. "என் வீட்லயா? என் வீட்ல நாட்டு ரகசியமெல்லாம் இருக்கு! கண்டவளும் பாக்கக் கூடாது!"

உச்சிமாளி ராஜா பக்கம் திரும்புனா. "ராஜா, இவரு வீட்ல ஒளிக்கிறதுக்கு என்னமோ இருக்காம். அவரே சொல்லுதாரு. அவரு சொன்ன கணக்குப்படி பாத்தா ஒற்றரு யாரு?"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. ராஜாவுக்கும் சிரிப்பு வந்துருச்சு, வாயைப் பொத்திக்கிட்டாரு. அப்புறம் பயமும் வந்துருச்சு. ஏன்னா அவருக்குத் தளவாயைக் கண்டாலும் பயம்தான். ஆனா ஊரே எந்திரிச்சு நிக்குது. ஒத்தையில நின்னாத்தானே பயம்? ராஜா நாற்காலியை விட்டு எறங்கி, "வாங்க, போவோம்"னுட்டாரு.

தளவாய் வீட்டுக் கதவைத் தொறந்தா, அடேயப்பா! இந்தப் பக்கம் அதிரசப் பானை, அந்தப் பக்கம் ஊறுகா ஜாடி வரிசையா, நடுவுல மூணு ஆள் உசரத்துக்கு ஒரு குலுக்கை.

"இதெல்லாம் சோதனைக்கு வச்சிருக்கேன்"னான் தளவாய்.

"குலுக்கையில இருக்கிற நெல்லுமா?"

அவன் உசாராயிட்டான். "அது என் நெல்லு. என் சொந்த வயல்ல விளைஞ்சது."

"நல்லதுங்கய்யா. உங்க வீட்ல நெல்லுக்கு என்ன இலை போடுவீக?"

அவனுக்கு எங்க தெரியும்? வயல்ல கால் வச்சிருந்தாத்தானே! "இலையா? வேப்பிலைதான்"னு அடிச்சு விட்டான்.

"வேப்பிலைதானா?"

"வேப்பிலைதான்!"

"வேற எதுவும் இல்லையே?"

"வேப்பிலை, வேப்பிலை, வேப்பிலை! போதுமா?"

உச்சிமாளி ஏணி வச்சு ஏறுனா. கையை விட்டு அள்ளுனா. மேலாப்புல புங்க இலை. கீழ ராஜா காலடியில போட்டா. "இது என் வீட்டு இலை." இன்னும் ஆழமா கையை விட்டா, நொச்சி வந்துச்சு. "ஐயோ, அது எங்க வீட்டு நெல்லு!"ன்னு பூமயிலு கத்துனா. இன்னும் ஆழமா விட்டா, வசம்புத் தழை வந்துச்சு. வண்டிக்காரரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு முன்னால வந்தாரு. ஊர்ல உள்ள இலையெல்லாம் வந்துச்சு, ஒரு வேப்பிலையைக் காணோம்! உச்சிமாளி தன் நெல்லுல ஒண்ணை எடுத்துக் கடிச்சா. டக்குன்னு சத்தம் கேட்டுச்சு, ஈரம் ஏறல, விதைக்கு ஆகும். ஏணி மேலயே நின்னுக்கிட்டு அவ அழுதா, இந்தத் தடவை சந்தோசத்துல.

ராஜாவுக்குத் தலை குனிஞ்சுபோச்சு. "நான்தான் முத்திரை குத்துனேன். தப்பு என்மேல"ன்னாரு. ஆமா, ராஜாவே சொன்னாரு. லே சொள்ளமுத்து, கேட்டுக்க, ராஜாவே தப்புன்னு ஒத்துக்கிட்டாரு.

மாடக்கோனாரு மட்டும் விடல. "அதெல்லாம் சரி. வடகரைக்காரன் வந்தா?"

உச்சிமாளி ஏணியை விட்டு எறங்கி வந்து, "மாமா, காவல் வேண்டாம்னு நான் சொல்லலியே. நல்லா வேணும். ஆனா இந்த எட்டு நாளும் ஆத்தங்கரையில காவலுக்கு நின்னது யாரு?"ன்னா.

சேவகங்க மெதுவா கூட்டத்துக்குப் பின்னால நழுவுனானுங்க. ஒருத்தனும் நிக்கல! எல்லாவனும் ஊருக்குள்ள அதிரசம் சோதிச்சுக்கிட்டுல்லா இருந்தானுங்க!

துணி வெளுக்கிற சீதேவி கையைத் தூக்குனா. "ராஜா, முந்தாநாள் வடகரைக்காரன் ரெண்டு பேரு நம்ம படித்துறைக்கு வந்து, எண்ணெய் தேச்சுக் குளிச்சு, வேட்டியைக் காயப்போட்டு, சாவகாசமா ஒரு தூக்கம் தூங்கிட்டுப் போனானுங்க. கேக்க ஒரு நாதி இல்லே!"

மாடக்கோனாரு தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. "அடப்பாவிகளா, அம்புட்டு அதிகாரத்தையும் வாங்கிக்கிட்டு என் மாட்டைக் காக்கலியா நீங்க?"

அன்னைக்கே ராஜா ஆணையை மாத்துனாரு. படையெல்லாம் ஆத்தங்கரைக்குப் போகணும். ஒரு வீட்டைச் சோதிக்கணும்னா காரணத்தைச் சொல்லணும், அக்கம்பக்கத்துக்காரங்க ரெண்டு பேரு கூட நிக்கணும், தொறந்த குலுக்கையைச் சேவகனே சாணி குழைச்சு மெழுகிட்டுப் போகணும். வெளிய வரும்போது மொதல்ல சேவகன் தன் மடியை அவுத்துக் காட்டணும். அவ்வளவுதான், சாணி குழைக்கணும்னு கேட்டதுமே பாதிச் சேவகங்களுக்குச் சந்தேகமெல்லாம் தீந்துபோச்சு.

அவங்கவங்க நெல்லை அவங்கவங்க அள்ளிக்கிட்டாங்க. உச்சிமாளி மறுநாளே விதைச்சா, மூணாம் நாள் மழை வந்துச்சு, பச்சைப் பசேல்னு மொளைச்சிருச்சு.

கொம்பையாவுக்கு என்ன தண்டனைன்னு ராஜா கேட்டாரு. "அவரு காவல்காரரு, காவலே காக்கட்டும்"னா உச்சிமாளி. அறுவடை வரைக்கும் அவ வயல்ல குருவி விரட்டணும். மீசையும் வயிறுமா வரப்புல நின்னு, ஓலைத் தப்பட்டையைத் தட்டி "ஆலோ ஆலோ"ன்னு கத்துவான். குருவிக்கு அவன் மீசையைக் கண்டு ஒரு பயமும் இல்லே, அது பாட்டுக்குத் தோள்ல வந்து உக்காரும்.

மத்தியானம் அவன் பொண்டாட்டி சோத்துச் சட்டி குடுத்து விடுவா. அவன் அதைத் தொறக்கும்போது பூமயிலு வருவா. "என்ன கொம்பையா, சட்டிக்குள்ள? சந்தேகமா இருக்கே"ன்னு ஒரு வாய் எடுப்பா. வண்டிக்காரரு ஒரு வாய் எடுப்பாரு. சீதேவி ஒரு வாய் எடுப்பா. "ஐயோ, அது என் சோறு!"ன்னு அவன் கத்துவான்.

உச்சிமாளி வரப்புல நின்னுக்கிட்டு, "ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா எதுக்குப் பயம்?"னு கேப்பா. ஒருக்கா இல்லே, மூணு தடவை.

அதுனால பிள்ளைகளா, காவலுக்கு ஆளு வேணும்தான், ஆனா காவக்காரன் மடியை அவுத்துப் பாக்க ஊரும் முழிச்சிருக்கணும். கதையைக் குலுக்கையில போட்டாச்சு, வாயைச் சாணி போட்டு மெழுகியாச்சு. இனி யாரு கேட்டாலும் தொறக்க மாட்டேன். ஏலே சொள்ளமுத்து, தங்கச்சி தட்டுல இருந்த முறுக்கை ருசி பாக்கேன்னு எடுத்தியே, நான் பாக்கலேன்னு நெனைச்சியா? வா இங்க, மொதல்ல உன் மடியைக் காட்டு.