களஞ்சிய வீட்டு அட்சதை

குருவைவிடச் சீடர் இருபது வயதுக்கு மேல் மூத்தவர். திருவம்பலம் உமையாளை 'அம்மா' என்பார். அவள் அவரை 'ஐயா' என்பாள். கிழக்கு வீதிச் சத்திரத்தில் அவள் நடத்திவந்த சிறிய மடத்துக்கு, வேலையில் ஓய்வு பெற்ற கையோடு அவர் வந்து சேர்ந்தார்.

வந்த அன்று ஒரே கேள்விதான் கேட்டார்.

"இந்த ஊருக்கு நான் யாரு? அது எனக்குத் தெரியணும் அம்மா."

"ஊரையே கேளுங்க ஐயா," என்றாள் உமையாள்.

அவரும் சொல் தட்டாமல் ஊரைச் சுற்றினார். இடிந்த மதில், தூர்ந்த அகழி, பெயர் மாறிய தெருக்கள் என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் எங்கே தொடங்கினாலும் அவர் சொல்லும் ஊர்க்கதை சுற்றிச் சுற்றி வடக்கு வீதியில் அவருடைய களஞ்சிய வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

அந்த வாசலுக்கு ஒரு பெருமை இருந்தது. பங்குனித் திருவிழாவில் அம்மன் பல்லக்கு அங்கே வந்ததும் நாயனமும் தவிலும் நின்றுவிடும். வீதிமுனை தாண்டித்தான் மறுபடி தொடங்கும். எதிர்ச்சாரிப் பெண்கள் அந்த வாசலை நோக்கி அரிசி இறைப்பார்கள். ஊரில் வேறு எந்த வீட்டுக்கும் இந்த மரியாதை கிடையாது. 'அம்மனே நம்ம வாசல்ல குரலடக்கி நிக்கிறா' என்று அவருடைய பாட்டனார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இறைத்த அரிசியை வீட்டார் வெள்ளித் தட்டில் பொறுக்கி, மஞ்சள் கலந்து பத்திரப்படுத்தி, தங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அட்சதையாகப் போடுவார்கள்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. வரும் வைகாசியில் பேத்திக்குக் கல்யாணம். அதற்குள் வாசலில் கல் ஒன்று பதித்துவிட ஆசைப்பட்டார் திருவம்பலம்.

"கல்லுல என்ன எழுதலாம் அம்மா?"

உமையாள் பதிலுக்கு ஒன்று கேட்டாள்.

"எதிர்ச்சாரியில நின்னு எப்பவாவது சாமி பாத்திருக்கீங்களா ஐயா?"

"எதுக்கு? அம்மன் நம்ம வாசல்லயே வந்து நிக்கிறாளே."

"இந்த வருஷம் என்கூட நில்லுங்க."

திருவிழா அன்று அந்தி நேரம். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி பட்டுக்கரை வேட்டியில் வந்து அவள் பக்கத்தில் நின்றார் திருவம்பலம். வீதிக்கு அந்தப் பக்கம், அவர் வீட்டு உயரமான படிகளில் மகனும் மருமகளும் பேத்தியும் கைகூப்பி நின்றார்கள். வெள்ளித் தட்டு பேத்தியின் கையில் இருந்தது.

பல்லக்கு வந்தது. மேளம் நின்றது.

திருவம்பலத்துக்கு மெய்சிலிர்த்தது. பெருமையோடு திரும்பிப் பார்த்தார். எதிர்ச்சாரிப் பெண்கள் ஒருத்திகூட அம்மனைப் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, தலை குனிந்து, அவர் வாசலை நோக்கி அரிசியைப் போட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பல்லக்கு மறைப்பதால் அவர் வீட்டுப் படியிலிருந்து இந்த முகங்கள் தெரிந்ததே இல்லை.

பக்கத்தில் பூக்காரி செல்லக்கிளி நின்றிருந்தாள்.

"அட்சதை போடுறப்ப ஏம்மா அழறே?" என்று மெல்லக் கேட்டார்.

"அட்சதையா? இதுல மஞ்சள் எங்க இருக்கு? வாய்க்கரிசிங்க." சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா! நீங்களா! இந்தப் பக்கம் நிக்கிறீங்க?"

"யாருக்கு வாய்க்கரிசி?"

அவள் தணிந்த குரலில் சொன்னாள்.

"எங்க பூட்டன் காலத்துத் தாது வருசப் பஞ்சத்துல உங்க கதவத் தட்டித் தட்டி அந்தப் படியிலயே செத்தவங்களுக்கு. உள்ள நெல்லு மலையாட்டம் குமிஞ்சு கெடந்துச்சாம். கதவு தொறக்கல. செத்தப்புறம் வாய்க்கரிசி போடக்கூட ஒரு பிடி அரிசி யார்கிட்டயும் இல்லையாம். அதான் வருசா வருசம் போடுறோம். சாவு கெடக்குற தெருவுல மேளம் வாசிப்பாங்களா?"

திருவம்பலம் எதிரே தன் வீட்டுப் படியைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்," என்றாள் செல்லக்கிளி. "நீங்க குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்குறதப் பாத்து, பாவம், மனசு தாங்காமத்தான் பொறுக்குறாங்கன்னு எங்க ஆத்தா சொல்லும். அதனாலதான் உங்க மேல யாருக்கும் கோவம் இல்ல."

கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். தன் கல்யாணத்தில் தலையில் விழுந்த அட்சதை நினைவுக்கு வந்தது. மகன் கல்யாணம் நினைவுக்கு வந்தது. குனிந்த தலைகளில் அந்த அரிசியை இந்தக் கையால்தான் வாழ்த்தித் தூவினார். அந்தப் பக்கம் பேத்தி தட்டோடு படியிறங்கி, சிரித்த முகமாகக் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

"ஐயோ, வேணாம்மா!" என்று அவர் கத்தினார். அந்த அமைதியில் வீதி முழுக்க அது கேட்டது. பேத்தி நிமிர்ந்தாள். ஒன்றும் புரியாமல் தட்டோடு நின்றாள்.

திருவம்பலம் உடைந்து அழுதார். பல்லக்கு வீதிமுனையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

உமையாள் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி அரிசியை அவர் கையில் வைத்தாள்.

அவர் அதைப் போடாமல் அவளைப் பார்த்தார்.

"வாய்க்கரிசி சொந்தக்காரங்கதானே போடணும்? நான் அவங்களுக்கு யாரு அம்மா?"

"அதைத்தானே இத்தனை வருஷமா ஊரெல்லாம் தேடினீங்க," என்றாள் உமையாள். "மேளம் இன்னும் தொடங்கல. போடுங்க ஐயா."