கூடைக்குள் கேட்ட குரல்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. எந்தப் பக்கம் மழை இறங்குகிறது என்று வேலியில் உட்கார்ந்த குருவி சொல்லும். கேட்டவர் உள்ளங்கையில் ஒரு பிடி கம்பை நீட்டுவார். குருவி கையில் ஏறி நின்றே கொத்தித் தின்னும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நாச்சாத்தா என்றொருத்தி இருந்தாள். வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டத்தில் ஒரு பாத்தி கம்பைப் பறவைகளுக்கென்றே அறுக்காமல் விட்டு வைப்பாள். புங்கமரத்தடியில், உடைந்த பானையின் அடிப்பாகத்தில் அவற்றுக்குத் தண்ணீர் இருக்கும்.

அவள் புருஷன் செங்கோடன் மலையில் தேன் எடுப்பவன். ஒருநாள் போனவன் திரும்பவில்லை. ஊரார் மூன்று நாள் தேடினார்கள். பாறையில் அறுந்த கயிறு மட்டும் தொங்கியது. அவர்களோடு நாச்சாத்தாளும் அழுதுகொண்டே மலையிறங்கி வந்துவிட்டாள்.

இரண்டு மாதம் போயிற்று. ஓர் உச்சிவெயிலில், இலைகூட அசையாத வேளையில், தோட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நாச்சா, கொஞ்சம் தண்ணி கொண்டா புள்ள."

சொம்போடு ஓடினாள். மரத்தடியில் ஒரு மைனா மட்டும் நின்றிருந்தது. அதன் அலகு அசைந்தது. வந்தது செங்கோடனின் குரல்.

"பயப்படாத. பாறைப் பொளவுல விழுந்து கெடந்தான், ஏழு நாளு. மடியில இருந்த பொரிய எனக்கும் போட்டான். நானும் றெக்க ஒடிஞ்சு, ஊருக்கு வந்து சொல்ல முடியாம, அவனுக்குப் பேச்சுத் துணையா அங்கியே கெடந்தேன். மூச்சு நின்னப்ப அவங் குரலு எந் தொண்டைல வந்து ஒட்டிக்கிச்சு. பசிச்சா எங்க வீட்டுத் தோட்டத்துக்குப் போ, அவ போடுவான்னு சொல்லியிருந்தான்."

ஏழு நாள். இவர்கள் தேடியதோ மூன்று நாள். நாச்சாத்தா மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் தினமும் உச்சிக்கு மைனா வந்தது. அவள் கையிலிருந்து தின்றபடி செங்கோடனின் குரலில் பேசியது. அவள் "மாமா" என்றால் "ம்" என்றது. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். மறுநாளே தன் வீட்டுப் பின்கதவை ஆணியடித்து மூடிவிட்டாள். அவள் செய்ததைப் பார்த்தும் நாச்சாத்தாளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. உலை வைக்க மறந்தாள், தலை வார மறந்தாள். உச்சிக்குத் தோட்டத்துக்குப் போக மட்டும் மறக்கவில்லை.

ஒருநாள் மைனா தின்று முடித்துச் சிறகை உதறியது.

"எங்கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் கெளம்புது. நானும் போறேன்."

"மறுபடியும் போறீங்களா?" என்றாள் நாச்சாத்தா.

அவள் கை முந்திக்கொண்டது. அருகிலிருந்த சாணிக்கூடையை எடுத்து மைனாவின் மேல் கவிழ்த்தாள்.

வேலி நிறைய இருந்த பறவைகளின் பேச்சு சட்டென்று நின்றது. கூடைக்குள் சிறகு படபடத்தது. பிறகு குரல் எழுந்தது. அவள் இத்தனை நாள் கேட்ட குரல்தான், ஆனால் அடியாழத்திலிருந்து வந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா? ஒரே இருட்டா இருக்குது. மேல யாரோ நடக்கறாங்க... ஏனுங்க! இங்கீங்க! நாச்சா, நீயா புள்ள? போயராத. நாச்சா!"

மூன்றாம் நாள் அந்தப் பாறைமேல் நடந்தவர்களில் அவளும் ஒருத்தி. நாச்சாத்தா காதைப் பொத்தினாள். கூடையைத் தூக்கினால் அந்தக் குரல் போய்விடும். தூக்காவிட்டால் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். பொழுது சாயும்வரை கூடைமேல் சாய்ந்து கிடந்தாள். குரல் மெலிந்தது. "நா..." என்றது. அடங்கிவிட்டது.

அப்போதுதான் தூக்கினாள்.

மைனா உயிரோடுதான் இருந்தது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. "பேசுங்க மாமா" என்று கெஞ்சினாள். அலகைத் திறந்தது. கரகரவென்று ஏதோ வந்தது, ஒரு சொல்லும் இல்லை. எழும்பிப் பறந்துவிட்டது.

வேலியிலிருந்த கிழட்டுக் குருவி ஒன்று சொன்னது: "நீ போட்டா இனியும் திம்போம், நாச்சாத்தா. ஆனா உங் கைக்கு எட்டற தூரத்துல நிக்க மாட்டோம். மனுசங்க யாருகிட்டயும் இனிப் பேசவும் மாட்டோம்."

மனிதர்கள் காதில் விழுந்த கடைசிப் பறவைப் பேச்சு அதுதான்.

மறுநாள் உச்சிக்கு நாச்சாத்தா கை நிறையக் கம்போடு மரத்தடியில் நின்றாள். கிளையெல்லாம் பறவைகள். ஒன்றும் இறங்கவில்லை. கம்பைத் தரையில் தூவிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே மெல்லச் சிறகுச் சத்தம் கேட்டது.

அன்று முதல்தான், பறவைக்கு இரை வைப்பவர்கள் வைத்துவிட்டு விலகிப் போகிறார்கள். நாம் தள்ளிப் போகும்வரை அவையும் கிளையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கின்றன.