கடைசி பெஞ்சின் மின்சுற்று

அருள்ராயன் சார் போர்டில் மின்சுற்று வரைந்தால், சும்மா சொல்லக்கூடாது, புத்தகத்தில் அச்சடித்த மாதிரி இருக்கும். பேட்டரியும் பல்பும் வெள்ளை, ஒரு கம்பி மஞ்சள், இன்னொன்று சிவப்பு. இருபத்தாறு வருஷமாக அதே படம்தான். ஆனால் ஒரு பிள்ளைகூட அவரைத் தேடி வந்து சந்தேகம் கேட்டதில்லை. ஒரே ஒரு கேள்விக்காக மனுஷன் ஏங்கிப்போயிருந்தார்.

எதையும் பயன்படுத்துகிறவர் இடத்திலிருந்து பார்த்து யோசிக்கும் 'டிசைன் திங்கிங்' முறையில் அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க மெஹர்நிசா பள்ளிக்கு வந்திருந்தார். வயது முப்பத்துநான்குதான். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அருள்ராயன் கூச்சத்தை விட்டு, தன் வகுப்பறையில் வைத்து அவரிடம் கேட்டார்.

"டீச்சர், புதுசா ஒரு மாடல் செஞ்சு காட்டினா பிள்ளைங்க ஆர்வமா வருவாங்களா?"

"மாடல் அப்புறம் சார். உங்க படத்தை எப்பவும்போல வரைங்க."

வரைந்தார்.

"இப்ப கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க."

ஐம்பத்திரண்டு வயசில் கடைசி பெஞ்சா? அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் போனார், முட்டியை மடக்கி ஒருவழியாக உட்கார்ந்தார்.

"என்ன தெரியுது சார்?"

"பேட்டரி தெரியுது. பல்பு, மஞ்சள் கம்பி..." கண்ணைச் சுருக்கினார். "சிவப்பைக் காணோமே."

பச்சை போர்டு, அதன்மேல் ஜன்னல் வெளிச்சம். அங்கிருந்து பார்த்தால் சிவப்புக் கோடு சுத்தமாகத் தெரியவில்லை.

கடைசி வரிசை நோட்டுகளில் எப்போதும் ஒரு கம்பி குறையும். 'சுற்று முழுமையடையவில்லை' என்று எழுதி மார்க்கைக் குறைத்தவர் அவர்தான். கவனமில்லாத கழுதைகள் என்று திட்டியும் இருக்கிறார்.

"ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"நீங்க கேட்டீங்களா?"

"'புரிஞ்சுதா'ன்னு தினமும் கேப்பேன். 'புரிஞ்சுது சார்'னு எல்லாரும் ஒண்ணா சொல்லுவாங்க."

"வேற என்ன சொல்லுவாங்க, பாவம்."

அவர் எழுந்தார். "நாளைக்கே மஞ்சள்ல வரைஞ்சிடறேன்."

"இந்த இடத்துல யார் உக்கார்றாங்க?"

"ஜெனோவா."

"அப்போ எந்தக் கலர்னு அவ சொல்லட்டும். சாக்பீஸை அவ கையில குடுங்க."

அருள்ராயன் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மரத்தில் யார் யாரோ காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள். எழுத்து எழுத்தாகத் தடவினார். பாதிப் பேரின் முகம் நினைவில்லை.

"இங்க உக்காந்துட்டுப் போன பிள்ளைங்க எத்தனை பேரு டீச்சர். ஒருத்தரையாவது பார்க்கணும்போல இருக்கு. அவங்ககிட்ட இனிமே எப்படிக் கேப்பேன்?"

மெஹர்நிசா சாக்பீஸை எடுத்து வந்து அவர் முன்னால் பெஞ்சில் வைத்தார்.

"கேக்க முடியாது சார். அந்த ஏக்கம் அப்படியே இருக்கட்டும். அதோடவே நாளைக்கு ஜெனோவாகிட்ட போங்க."