மடியில் வைத்த ரசம்

தென்காசி அரிசி ஆலை முதலாளி வீரபாகு, மைலேஜ் ஏறவேண்டுமென்று பழைய காரின் பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினார். பின்சீட்டைக்கூடக் கழற்றிப் போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் டிரைவர் மாசிலாமணியைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்கு நீ எதையாவது மாட்டி மைலேஜை ஏத்து. இல்லேன்னா நாளைக்கு வராதே.”

அன்று மாசமாயிருக்கும் மகளைப் பார்க்கப் பயணம். வீட்டம்மா கொடுத்தனுப்பிய ரசத்தூக்கை மாசிலாமணி முதலாளியின் மடியில் வைத்தான். “மூடியைக் காணல, மொதலாளி. பிடிச்சுக்கோங்க.”

எப்போதும் “மிதிலே, மிதி!” என்று விரட்டுகிறவர், அன்று வழிநெடுக “மெதுவாலே!” என்று கெஞ்சினார்.

மகள் வீட்டு வாசலில் பெட்ரோல் முள்ளைப் பார்த்தவருக்கு ஆச்சரியம். வழக்கமாக ஆவதில் முக்கால்வாசிகூட ஆகவில்லை. “என்னத்தலே மாட்டுன?”

“உங்க மடியிலதான் இருக்கு, மொதலாளி.”

“அப்ப இத்தனை நாளா பெட்ரோலைக் குடிச்சது என் வாய்தானா! நாளைக்கு வெள்ளனே வந்துரு” என்று வீரபாகு குலுங்கிச் சிரித்தார். ரசம் அப்போதுதான் வேட்டியில் சிந்தியது.